நல்ல சாமியார் என்று நான் சொன்ன சாட்சி

எங்கள் கத்தோலிக்கச் சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். ஓய்வு பெற்ற உபதேசியார் என்று மரியாதைக்காக என்னைக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் இளைய உபதேசியார்களில் ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துவிடுவார். செய்தித்தாளில் ஏதாவது வந்திருக்கும். "நீங்க இத்தனை சாமிமார்கிட்ட வேலை பாத்திருக்கீக, நீங்களே சொல்லுங்க" என்பார்கள். பார்த்திருப்பதால்தான் எனக்கு வாய் வருவதில்லை. ஒருமுறை இதே கேள்விக்கு, வேதப்புத்தகத்தில் கை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லி முடித்தால் எனக்குக் களைப்பாகிவிடும். ஆகவே எழுதிவைக்கிறேன்.

உபதேசியார் என்றால் என்ன வேலை என்று இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. சாமியார் வர முடியாத கிளைக் கிராமங்களில் ஞாயிறு ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, ஞானஸ்நானம், கல்யாணம், சாவுப் பதிவேடுகளை எழுதுவது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது. பூசை வைப்பதும் ஜனங்கள் தங்கள் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் தவிர மற்றதெல்லாம் எங்கள் தலையில்தான். ஒரு வருடப் பயிற்சியோடு இந்த வேலைக்கு வந்தேன். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பங்கில் எட்டுக் கிளைக் கிராமங்கள். என் மனைவி சகாயம், இரண்டு பிள்ளைகள், கோயிலுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. சாமியார் தங்கும் அறைவீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான்.

தொண்ணூற்றாறில் ஃபாதர் சவரிநாயகம் எங்கள் பங்குக்கு வந்தார். அப்போதே அறுபதை நெருங்கியவர். ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்தவர். ஆனால் பேச்சில் அது தெரியாது. பதிவேட்டில் மட்டும் தெரியும். ஒரு குழந்தையின் ஞானத்தாய் பெயரில் நான் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால் அடித்துத் திருத்த விடமாட்டார். ஓரத்தில் திருத்தத்தை எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். "நடந்ததை எழுது தொம்மை. நீ நெனச்சதை எழுதாத" என்பார். யாரையும் அதட்டியதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவரைப் பார்ப்பார். அது போதும்.

அவர் வந்த அடுத்த வருடம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்தது. செத்தவர்களில் நான்கு பேர் எங்கள் பங்குப் பெண்கள். ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல்கள் வந்துசேர மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் ஃபாதர் சவரிநாயகம் பிணவறை வாசலில், அந்தப் பெண்களின் வீட்டு ஆட்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் நானும் இருந்தேன். இரண்டாம் நாள் காலை என் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று சகாயம் ஆள் அனுப்பினாள். நான் கிளம்பிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. "போ, போ. பிள்ளையப் பாரு" என்றார். இறந்த பெண் ஒருத்தியின் புருஷன் பிறகு என்னிடம் சொன்னான்: "சாமிக்கு வீடு வாசல் இல்லாததுனாலதான எங்ககூட அங்கன கெடந்தாக." அது உண்மை. சாமியார்களுக்குக் கல்யாணம் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பிணவறை வாசல் நினைவுக்கு வரும். பாதியில் எழுந்துபோன ஆள் நான்.

கல்யாணம் ஆன போதகர்களையும் பார்த்திருக்கிறேன். தேனியில் புராட்டஸ்டண்டு சபை ஐயர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். சாவு வீட்டுக்கு அவரோடு அவர் மனைவியும் வருவார். ஐயர் ஆண்கள் பக்கம் போவார், அந்த அம்மா நேராகப் பெண்களுக்குள் போய் உட்கார்ந்து அழுவார். எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் சாமியார்களால் பெண்கள் பக்கம் போய் உட்கார முடியாது. ஆனால் அந்த அம்மா சகாயத்திடம் ஒருநாள் சொன்னாராம்: "மூணு வருஷத்துக்கு ஒரு ஊரு. பிள்ளைக எத்தனை பள்ளிக்கூடம் மாறிருச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிட்டு வந்து வீட்டுல வாயே தெறக்க மாட்டாரு." ஆக, அந்த வழியும் சுகமான வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாயிரத்தில் ஃபாதர் சவரிநாயகம் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதில் ஃபாதர் அமலன் வந்தார். முப்பத்துமூன்று வயது. அவரைப் பற்றி அன்றைக்கு என்ன சொன்னேனோ அதையே இன்றைக்கும் சொல்வேன். நான் பார்த்த சாமியார்களிலேயே நல்லவர். எட்டுக் கிராமத்திலும் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நோயாளிகளை வாரம் தவறாமல் பார்ப்பார். பிரசங்கம் பத்து நிமிடம்தான், ஆனால் அந்த வாரம் முழுக்க வயல்காட்டில் அதைப் பேசிக்கொண்டிருப்பார்கள். பல வருடமாகப் பூசைக்கு வராத ஆண்கள் திரும்ப வந்தார்கள்.

அவர் வந்த முதல் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பூசை முடித்துவிட்டு மதியம் அறைவீட்டுக்குத் திரும்பியிருந்தார். சகாயம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். கொண்டுபோனேன். சமையல்காரர் ஊருக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் காலியாகக் கிடக்க, ஃபாதர் அமலன் சமையற்கட்டில் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காந்து சாப்புடுங்க சாமி" என்றேன்.

"உக்காந்தா எதிர்ல இருக்கிற நாற்காலியப் பாக்கணும் உபதேசியாரே" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "உங்க வீட்ல சண்ட வந்தா எப்பிடி முடியும்?"

"முடிச்சுக்கிறதெல்லாம் இல்ல சாமி. அடுத்த வேளைக்கு என்ன வெஞ்சனம்னு பேச்சு வந்துரும். அதோட மறந்துரும்."

அவர் அதைப் பெரிய விஷயமாகக் கேட்டுக்கொண்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான் வீட்டுக்கு வந்து சகாயத்திடம் சொன்னேன். அவள், "பாவம்" என்றாள். அதற்கு மேல் நாங்கள் இருவரும் ஒன்றும் செய்யவில்லை.

மரியசெல்வி எங்கள் பங்குப் பெண்தான். அரசாங்க சுகாதார நிலையத்தில் நர்சு. தகப்பன் இல்லாத குடும்பத்தில் இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கு என்று பார்க்காமல் முப்பதைத் தாண்டியவள். அதிகம் பேசமாட்டாள். சாமியார் போகும் அதே நோயாளி வீடுகளுக்கு அவளும் போகவேண்டியிருந்தது. அவர் சாகக்கிடப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் செய்யத் தைலம் கொண்டுபோவார், அவள் ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியோடு வருவாள். முதலில் நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வருடம், மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு பாட்டையா வீட்டிலிருந்து நாங்கள் மூவரும் வாய்க்கால் கரையோரம் நடந்து திரும்பினோம். அரை மைல் தூரம் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கடப்பட்டுப் பேசாமல் இருப்பது வேறு. இது பழகியவர்களின் அமைதி. சகாயமும் நானும் அப்படித்தான் நடப்போம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு ஊருக்கும் புரிந்தது. பங்குப் பேரவையில் சிலர் ஆயருக்கு மனு எழுதி என்னிடம் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். "நான் ஒண்ணும் பாக்கலப்பா" என்று தட்டிக்கழித்தேன். தப்பாக எதையும் நான் பார்க்கவும் இல்லை. இருவரும் ஒரு விரல்கூடப் பட்டுக்கொண்டதில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பூசை உடுப்பைக் கழற்றி மடித்தபடியே ஃபாதர் அமலன் சொன்னார்: "உபதேசியாரே, நான் போறேன். ஆயர்கிட்டச் சொல்லிட்டேன்."

"ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்க சாமி."

"மூணு வருஷமாப் பொறுத்துத்தான் பாக்குறேன். மேடையில நின்னு ஒண்ணு பேசிட்டு, மனசுக்குள்ள ஒண்ணு வச்சுக்கிட்டு இருக்க என்னால ஆகல. ரெண்டு வாழ்க்கை வாழுறவுக இருக்காக. எனக்கு அது வரல."

பதிவேடுகளையெல்லாம் அன்று வரை எழுதி முடித்து என் கையில் கொடுத்தார். ஒரு தோல்பையோடு தேனி பஸ்ஸில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வந்து நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பீடத்துக்குக் கீழே நின்று, "சாமி அவசரமா ஊருக்குப் போயிருக்காக" என்று சொன்னேன். பொய் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எல்லாரும் எழுந்து நின்று பாட்டைப் பாடினார்கள்.

அவர் தேனியில் ஓர் அறை எடுத்து டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊர் நினைத்ததுபோல உடனே கல்யாணம் நடக்கவில்லை. மரியசெல்வி ஒப்பவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் குடித்தனம் பண்ண மாட்டேன், கோயிலில் தாலி ஏறவேண்டும் என்றாள். அதற்கு ரோமாபுரியிலிருந்து அவரைக் குருத்துவக் கடமைகளிலிருந்து விடுவித்து உத்தரவு வரவேண்டும். ஆகவே அவர் தேனியில், இவள் சுகாதார நிலையக் குடியிருப்பில். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

அந்த உத்தரவுக்கு ஒரு விசாரணை உண்டு. விசாரணைக் குருவாக ஆயர் நியமித்தது ஃபாதர் சவரிநாயகத்தை. தேனியில் ஒரு கன்னியர் மடத்தின் வரவேற்பறையில் நடந்தது. சாட்சிகளில் நானும் ஒருவன். மேசையில் ஒரு சிலுவை, வேதப்புத்தகம், கோடு போட்ட முழுத்தாள்கள். எழுத்துவேலைக்கு ஓர் இளம் குரு. என்னோடு நான்கு வருடம் வேலை பார்த்த ஃபாதர் சவரிநாயகம், என்னை முன்பின் தெரியாதவர்போல, "உம்முடைய பெயர்? தகப்பனார் பெயர்? எத்தனை வருடமாக இவரைத் தெரியும்?" என்று வரிசையாகக் கேட்டார். நான் வேதப்புத்தகத்தில் கை வைத்து, உண்மையைத் தவிர வேறு சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன். கேள்விகளுக்கு எண் போட்டிருந்தது. பதிலை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்தை வாங்கினார்கள்.

பதினோராவது கேள்வி என்று நினைவு. "குருத்துவ வாழ்வுக்கு இவர் தகுதியற்றவர் என்பதற்கான அடையாளம் எதையாவது நீர் கண்டதுண்டா?"

எனக்குக் கோபம் வந்தது. "இல்ல சாமி. தகுதியில்லன்னு எப்பிடிச் சொல்றது? நான் பாத்த சாமிமார்ல அவுகளப்போல ஒருத்தரும் இல்ல. சனங்களுக்கு அவுக மேல குறையே கிடையாது."

ஃபாதர் சவரிநாயகம் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். எங்கோ எழுத்துப்பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். "தொம்மை, புரிஞ்சு சொல்றியா?" என்று கேட்டார்.

"புரிஞ்சுதான் சாமி."

சாட்சிக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. எழுதச் சொன்னார். நல்லவரை நல்லவர் என்று சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு நான் பஸ் ஏறினேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு மாலை நான்கு மணிக்கு மரியசெல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். சகாயம் கொடுத்த காப்பியைக் கையில் வாங்கவில்லை.

"உபதேசியாரே, அவுகளப் பத்தி விசாரணையில நல்லதாச் சொன்னீகளாம்."

"உள்ளதைத்தானம்மா சொன்னேன்."

"காகிதம் திரும்பி வந்துருச்சு. நல்ல சாமியாரா இருந்தவருக்கு எதுக்கு விடுதலைன்னு கேக்குறாகளாம். மொதல்லயே லாயக்கில்லாத ஆளு, தெரியாமப் பட்டம் குடுத்துட்டோம்னு காட்டணுமாம். அதுக்குச் சாட்சி இல்லையாம்."

"சவரிநாயகம் சாமி சொன்னாகளா?"

"சொல்லல. உபதேசியார் சாட்சிதான் காரணமான்னு கேட்டேன். இல்லைன்னும் சொல்லல." பிறகு சொன்னாள்: "எனக்கு முப்பத்தஞ்சு முடியப் போகுது. நான் பிரசவம் பாக்குறவ. எந்த வயசுக்கு மேல எப்பிடின்னு எனக்குத் தெரியும்."

"என்னம்மா செய்யச் சொல்ற? சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லவா?"

"பொய் சொல்லுங்கன்னு கேக்கல. வேற உண்மை ஒண்ணும் உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். போய்விட்டாள்.

சகாயம் காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போகுமுன், "அவுக நின்னுக்கிட்டே சாப்புட்டாகன்னு சொன்னீகளே, அதச் சொன்னீகளா அங்கன?" என்று கேட்டாள். நான் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு சாக்கு.

நானாகவே தேனிக்குப் போய், கூடுதலாகச் சாட்சி சொல்லவேண்டும் என்றேன். அதே வரவேற்பறை, அதே சத்தியம். நின்றுகொண்டு சாப்பிட்டதைச் சொன்னேன். எதிர் நாற்காலியைப் பற்றி அவர் சொன்னதை, சண்டை எப்படி முடியும் என்று கேட்டதைச் சொன்னேன். "தனியா இருக்க அவுகளால ஆகாது சாமி. வந்த மொத மாசமே எனக்குத் தெரிஞ்சது. நான் யாருகிட்டயும் சொல்லல" என்றேன்.

ஃபாதர் சவரிநாயகம் இந்த முறை தாளைத் தன் பக்கம் இழுத்து, தானே எழுதினார். வாசித்தார்: "மணத்துறவு வாழ்வுக்குத் தேவையான உணர்வு முதிர்ச்சி அவரிடம் தொடக்கம் முதலே காணப்படவில்லை."

"நான் அப்பிடிச் சொல்லலையே சாமி. அவுகளுக்கு முதிர்ச்சி இல்லைன்னு சொல்லலையே."

"நீ சொன்னதை அங்க இருக்கிறவுகளுக்குப் புரியிற மாதிரி எழுதியிருக்கேன்."

"நடந்ததை எழுதுன்னு நீங்கதான் சொல்லுவீக."

எழுத்துவேலைக்கு இருந்த இளம் குருவை அவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பத்தோரு வருஷமா நானும் நின்னுக்கிட்டுத்தான் சாப்புடுறேன் தொம்மை" என்றார். "எனக்கு அது பழகிருச்சு. நான் விரும்பித்தான் வந்தேன், இன்னமும் விரும்புறேன். அதுனால அவனுக்கும் பழகியிருக்கணும்னு நான் எப்பிடி எழுதுறது? கையெழுத்துப் போடு."

போட்டேன். ஓர் எழுத்தை அடித்து எழுத விடாதவர் எழுதிய வாக்கியத்தின் அடியில், நான் சொல்லாத வார்த்தைக்கு என் பெயரை எழுதினேன். நல்லவரை நல்லவர் என்று சொன்னது அவருக்குக் கேடாயிற்று. குறையுள்ளவர் என்று சொன்னதுதான் உதவியாயிற்று. இந்தச் சட்டத்தை யார், எதற்காக இப்படிப் பின்னினார்கள் என்று நான் கேட்டதில்லை. பெரிய படிப்பாளிகள் காரணம் வைத்திருப்பார்கள்.

உத்தரவு வர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கூடவே நிபந்தனைகள். கல்யாணம் ஆடம்பரமில்லாமல் நடக்க வேண்டும். கோயிலில் முன்கூட்டியே கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தேவையில்லை. அவரைச் சாமியாராகத் தெரிந்த இடத்தில் நடக்கக் கூடாது. இனி அவர் பிரசங்கம் செய்யக் கூடாது, நற்கருணை அப்பம் கொடுக்கக் கூடாது. லோயர் கேம்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் காலை ஆறரைக்குப் பூசை. தாலியை மந்திரித்துக் கொடுத்தவர் ஃபாதர் சவரிநாயகம். சாட்சிகள் சகாயமும் நானும். வேறு யாரும் இல்லை. பாட்டும் இல்லை. நற்கருணை நேரத்தில் அமலன் எழுந்துவந்து, சாதாரணக் கிறிஸ்தவனாகப் பெரியவரின் முன்னால் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார். மரியசெல்வி முகத்தைத் துடைக்கவில்லை. வழிந்த கண்ணீரை அப்படியே விட்டுவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் நான் ஓய்வு பெற்றேன். அதே வருடம் ஃபாதர் சவரிநாயகம் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நுரையீரலில் நீர். நான் போய்க் கூட இருந்தேன். அது எல்லாக் குருக்களும் வருடாந்திரத் தியானத்துக்கு ஒரே இடத்தில் கூடியிருந்த வாரம். தேனிச் சாமியாரும் அங்கேதான். ஒருவரும் போன் எடுக்கவில்லை. காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "அமலன் இருக்கானா ஊர்ல?"

"இருக்காக சாமி."

"கூப்புடு. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

அரை மணி நேரத்தில் அமலனும் மரியசெல்வியும் வந்தார்கள். அவர் வகுப்பிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் சாக்பீஸ் தூள். விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே நின்றுவிட்டார். "எனக்கு அதிகாரம் இல்லையே சாமி. நீங்கதான எழுதி வாங்கினீக."

"சாகுறவனுக்கு நீ இன்னமும் குருதான். சட்டத்துலயே இருக்கு" என்றார் பெரியவர், மூச்சு வாங்கியபடி. "நான் படிச்சிருக்கேன். வா."

மரியசெல்வியும் நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வராந்தாவில் நின்றோம். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "உபதேசியாரே, இப்ப உள்ள இருக்கிறது சாமியாரா, எங்க வீட்டுக்காரரா?"

"ரெண்டு பேரும்தாம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள்.

இருபது நிமிடம் கழித்து அமலன் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. கதவு திறந்தபோது அவர் கடைசியாகச் சிலுவை போட்டதை எதிர் வார்டில் இருந்த ஓர் அம்மாள் பார்த்திருக்க வேண்டும். ஓடிவந்து கும்பிட்டாள்.

"தோத்திரம் சாமி. எங்க ஆத்தா இங்கனதான் படுத்துருக்கு. ஒரு மந்திரம் சொல்லி ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க சாமி."

"உங்க ஆத்தாவுக்கு என்ன உடம்புக்கு?"

"கால் முறிஞ்சுருச்சு சாமி. வேற ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு."

அமலன் பதிலுக்குக் கும்பிட்டார். "நல்லா இருக்காகன்னா நான் சாமி இல்லம்மா" என்றார்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். மரியசெல்வி அவள் தோளைத் தொட்டு, "வாங்க, கட்டு எப்பிடிப் போட்டுருக்காகன்னு நான் பாக்குறேன்" என்று வார்டுக்குள் அழைத்துப்போனாள். திரும்பி வந்ததும் இருவரும் படியிறங்கினார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். பெரியவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்கிக்கொண்டிருந்தார்.